செக்கடியில் ஒரு வேலை

கலைப் பட்டம் வாங்கிய காளை ஒன்று பட்டினியாய் நின்றது.

"எண்ணெய்ச் செக்கு இழுக்க ஆள் தேடுறாங்க. பொழுது சாயறதுக்குள்ள போனா வயிறாரப் பிண்ணாக்கு," என்றது கழுதை.

"உனக்கென்ன தெரியும்? படிச்சவங்களைக் கேட்கணும்," என்று சொல்லிவிட்டு, காளை பட்டு போர்த்திய பூம்பூம் மாட்டிடம் போனது.

"அண்ணே, வேலைக்குப் போகட்டுமா?"

பூம்பூம் மாடு தலையாட்டியது.

"இல்ல, மேற்கொண்டு பயிற்சி எடுக்கட்டுமா?"

அதற்கும் தலையாட்டியது.

"ரெண்டுக்கும் ஆட்டினா எப்படி?"

"எங்க பயிற்சியே அதுதான் தம்பி. எதைக் கேட்டாலும் ஆட்டணும்."

"அதைத்தான் காலேஜ்ல மூணு வருஷம் படிச்சேன்."

"அப்போ நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்ந்துக்கோ."

காளை பெருமையோடு சேர்ந்துகொண்டது. சாயங்காலம் செக்கில் கழுதையைப் பூட்டினார்கள். பிண்ணாக்கும் அதற்கே போனது.