அறிவிப்பில்லாத பேருந்து

“உங்க குரல் மேல அந்த டிரைவருக்கு அப்படி என்னம்மா கோவம்?”

போக்குவரத்து அலுவலக அதிகாரி தொலைபேசியில் அவளிடம் கேட்டார். நகரப் பேருந்துகளில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் அவளுடையது. பதினேழாம் எண் பேருந்தில் மட்டும் ஓட்டுநர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தானே கத்துகிறாராம்.

“பயணிங்க புகார் குடுத்திருக்காங்க. குரல்தான் சரியில்லையோன்னு மேலிடத்துக்குச் சந்தேகம். வேற பொண்ணை வெச்சுப் பதிவு பண்ணலாம்னு பேச்சு அடிபடுது.”

“வேண்டாம் சார். நானே போய்ப் பாக்குறேன்.”

அவளுக்கு முப்பத்தொரு வயது. மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. இனி வலியைத்தான் குறைக்க முடியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் இந்தக் குரல். தான் போன பிறகும் அது ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். சன்னலோரம் படுத்திருக்கும்போது, தெருவில் வந்து நிற்கும் பேருந்துகளிலிருந்து அது கேட்கும். நோய் என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தி உள்ளே உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும்.

மறுநாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பேருந்தில் ஏறி, பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஒலிபெருக்கி ஊமையாகவே இருந்தது.

“நூலகம்! நூலகம் எறங்குறவங்க வாங்க!”

தொண்டை கட்டிப்போன குரல். அவள் உதட்டுக்குள் அதே பெயரைத் தன் பழைய இழுப்போடு சொல்லிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

வேகத்தடை வந்தால் வண்டி ஊர்ந்தது. சின்னப் பள்ளத்துக்குக்கூட ஒதுங்கி வளைந்தது. முன்னால் நின்றிருந்த பெரியவர் பொறுமையிழந்தார்.

“என்னப்பா, வண்டியில முட்டையா ஏத்திருக்க?”

“ஆமாண்ணே. உடைஞ்சா ஒட்டாது.”

“நேத்து பறந்தியேப்பா! என் செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம்!”

“நேத்து முட்டை இல்லண்ணே.”

பெரியவர் தலையிலடித்துக்கொண்டார். இரண்டு கல்லூரிப் பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் வந்தாள்.

“ஏன் அணைச்சு வெக்கிறீங்க? எனக்குன்னு மிஞ்சப்போறது அது ஒண்ணுதான். அதையும் வேற யாருக்கோ குடுத்துடுவாங்க.”

ஓட்டுநர் திரும்பவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நாள்ல வீட்டுல உன் குரல் இருக்காதேடி... அதுக்குத்தான் இங்க பழகிக்கிட்டு இருக்கேன்.”

மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனாள்.