மேளத்துக்கு முன் மாவு

கொல்கத்தாவில், எங்கள் பெஹாலா வீட்டுச் சமையலறைத் தரையில் நானும் ஆறு வயதுத் தங்கை ஹம்சினியும் சப்பாத்தி மாவு பிசைகிறோம். உரத்த சத்தம் அவளுக்கு ஆகாது. போன துர்கா பூஜை முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடந்தாள். கைகள் அழுந்த வேலை செய்தால் காது கொஞ்சம் தாங்கும் என்று நான் படிக்கும் செயல்வழிச் சிகிச்சை மாலை வகுப்பில் குறித்திருக்கிறேன். சரியாகத்தான் குறித்தேனா? கீழே பூஜைப் பந்தலில் ஏழு மணிக்கு டாக் என்னும் பெரிய வங்காள மேளம். இப்போது ஆறு ஐம்பது. "நன்னா அழுத்துடி, மாவு என்ன கண்ணாடியா?" என்கிறேன். "ஒன் கைதான் நடுங்கறது," என்கிறாள். அம்மா ஜன்னலைச் சாத்த எழுவதற்குள், சொன்ன நேரத்துக்கு முன்பே மேளம் அதிர்கிறது. தண்ணீர்ச் சொம்பு தரையில் கிணுகிணுக்கிறது. ஹம்சினியின் தோள்கள் காதுவரை ஏறுகின்றன. நான் கண்களை இறுக மூடிக்கொள்கிறேன். அலறல் வரவில்லை. பிசுபிசுத்த இரண்டு சின்னக் கைகள் என் காதுகளைப் பொத்துகின்றன. "பயப்படாதேக்கா, பூஜோதானே."