ஓட்டையை அடைத்த கை

வேலையைத் தள்ளிப்போடுவதற்கு ஒரு பட்டம் கொடுப்பார்கள் என்றால், கண்டி நகரத்தில் அது கிருஷ்ணராஜுக்குத்தான் கிடைத்திருக்கும். ஆனால் அதற்கான விண்ணப்பத்தை அவன் இன்னும் அனுப்பியிருக்க மாட்டான்.

பெரஹெரா ஊர்வலம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, வீதியோரத்தில் உட்காரும் கதிரைகளை இணையத்தில் விற்கும் சிறிய நிறுவனத்தில் அவனுக்கு வேலை. முதலாளி ஷப்ராஸ். இணையத்தளம் ஓடும் சேர்வருக்குப் பொறுப்பு கிருஷ்ணராஜ். அவனுக்கு உதவியாகக் கஜலட்சுமி. மூன்று பேருக்கும் சேர்த்து மாடியில் ஒரே கந்தோர் அறை.

போன மாதம் அந்தச் செய்தி வந்தது. உலகம் முழுவதும் பயன்படுத்தும் சேர்வர் மென்பொருளில் பெரிய ஓட்டை இருக்கிறதாம். கடவுச்சொல் இல்லாமலேயே எவனும் உள்ளே புகுந்துவிடலாமாம். அதை அடைக்கும் பேட்ச் கூடவே வெளிவந்திருந்தது. போடுவதற்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும்.

"உடனே போடுங்க கிருஷ்ணராஜ்" என்றார் ஷப்ராஸ்.

கண்டியில் பிடிக்காத வேலை எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்: பெரஹெரா முடியட்டும். உடைந்த வடிகாலுக்கும் அதே பதில், பல்லைப் பிடுங்கவும் அதே பதில். கிருஷ்ணராஜும் மனதுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டான். கதிரை விற்பனை சூடுபிடித்திருக்கும்போது சேர்வரில் கை வைத்து, அது படுத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?

முதலாளியிடம் மட்டும், "போட்டாச்சு நானா" என்று சொல்லி வைத்தான்.

கஜலட்சுமிதான் விடவில்லை. "அண்ணே, அந்தப் பேட்ச் இன்னும் போடலையே. நான் போடவா?"

"ஓடுறத ஏன் தொடுவான்? பெரஹெரா முடியட்டும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கென்று லீவு போட்டு அவள் தன் ஊரான பன்விலவுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை ஷப்ராஸ் அவன் மேசைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"கொழும்புல இருந்து ஒரு மிஸ் வாறாங்க. நம்மட சேர்வரப் பாக்கணுமாம். பேராதனையத் தாண்டிட்டாங்களாம்."

கிருஷ்ணராஜ் கணினியின் பக்கம் கதிரையைத் திருப்பினான். குண்டசாலையில் திறக்கப்போகும் புதிய கிளைக்கு அவனைத்தான் மெனேஜராகப் போடுவதாக ஷப்ராஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அவன் மனைவி அதைத் தாங்கள் குடியிருக்கும் மஹய்யாவ முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். பொய் வெளிப்பட்டால் புதிய கிளையும் இல்லை, இருக்கிற வேலையும் இல்லை.

பேராதனையிலிருந்து கண்டிக்கு வருவதற்குள் போட்டுவிடலாம். வீதி நெரிசல் நீடிக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்தடவையாகக் கடவுளை வேண்டியபடி சேர்வரைத் திறந்தான்.

திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பேட்ச் ஏற்கெனவே போட்டிருந்தது. போன வியாழக்கிழமை. அழகாக, ஒரு குறையும் இல்லாமல்.

கஜலட்சுமி! அவள்தான், வேறு யார்? கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் தானே செய்துவிட்டுப் போயிருக்கிறாள். உடனே அவளுக்குப் போன் எடுத்தான். தோட்டத்துக்குள் சிக்னல் இல்லை. அதுவும் நல்லதுதான். திரும்பி வந்ததும் ஒரு பெரிய சொக்லட் வாங்கிக் கொடுத்தால் சமாதானமாகிவிடுவாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்த வெட்கமும் போய்விட்டது.

வந்தவர் பெயர் அகீலா. கூடவே வந்த தடித்த மனிதர் கதவருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிரைவராக இருக்கும் என்று கிருஷ்ணராஜ் நினைத்தான்.

அகீலா திரையை நெடுநேரம் பார்த்தார்.

"வியாழக்கிழமை பேட்ச் போட்டிருக்கு. சுத்தமான வேலை. தெரிஞ்ச கைதான் செஞ்சிருக்கு."

"ரொம்ப நன்றிங்க மிஸ்."

"ஓ, நீங்களா செஞ்சீங்க?"

"நானேதான்."

ஷப்ராஸ் நிமிர்ந்தார். "போன மாசமே போட்டாச்செண்டு சொன்னீங்களே?"

"அது சும்மா சோதனைக்கு நானா. வியாழக்கிழமதான் முழுசாப் போட்டேன்."

"உங்கட உதவியாளர்?" என்று கேட்டார் அகீலா. "அவங்க போட்டிருக்க ஏலாதா?"

உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். குண்டசாலைக் கிளையின் குளிரூட்டிய அறை ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது.

"கஜலட்சுமிக்கு இதெல்லாம் அவ்வளவா வெளங்காது மிஸ். நான்தான் எல்லாம் பாக்கணும்."

"வேற யாரும் கை வைக்கல்ல? யோசிச்சுச் சொல்லுங்க."

"சாமி சத்தியமா நான் ஒருத்தன் மட்டுந்தான்."

பாராட்டு வரப்போகிறது என்று கிருஷ்ணராஜ் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டான். ஷப்ராஸ் அவனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். கதவருகே இருந்த தடித்த மனிதர் எழுந்து கதவைச் சாத்தினார். அகீலா தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தார். பொலிஸ், கணினிக் குற்றப் பிரிவு.

"வியாழக்கிழமை இந்த ஓட்டையால உள்ளுக்கு வந்து, கதிரை வாங்கின அத்தனை பேர்ட கார்ட் விபரத்தையும் அள்ளின களவன், தனக்குப் பின்னால வேற களவன் வந்திரக்கூடாதெண்டு இத அடைச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் அகீலா, "அந்தக் கையத்தான் தேடி வந்தோம்."