கண் மஞ்சளான காரணம்

டொக்டர் நிலானி பேசி முடிக்கவில்லை. அதற்குள் சீதேவி எழும்பி நின்றாள்.

ஊர் மண்டபம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

எலிக்காய்ச்சல் எத்தனை பேருக்கு வந்துபோயிருக்கிறது என்று பார்க்க டொக்டர் முன்பு ரத்தம் எடுக்க வந்தபோது, ஆட்களை இழுத்துவந்தவள் அவள்தான். சோதனைக்கென்று குலுக்கல் போட்டதில் பெயர் விழுந்த வீடுகளில் பாதிப்பேர் பயந்து கதவைச் சாத்தினார்கள்.

"கொண்டுபோய் விக்கப்போறாங்க கா!"

"உன்ட ரெத்தத்த ஆரு மச்சாள் வாங்குவான்? ரெத்தம் குடிக்கிற நுளம்பே வேண்டாமெண்டு போகுது."

சீதேவி இப்படிச் சொல்ல, சிரித்துக்கொண்டே கை நீட்டினார்கள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியவேண்டியிருந்தது. அவள் புருஷன் பூபாலபிள்ளை வாவிக்கரை வட்டையில் வயல்வேலை செய்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தவர், எழும்பவேயில்லை. கண் இரண்டும் மஞ்சள். சாராயம் ஈரலைத் தின்றுவிட்டது என்று செத்தவீட்டிலேயே கதைத்தார்கள்.

இப்போது டொக்டர் சொல்கிறாள், அந்த வட்டையில் இறங்குகிறவர்களில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் எலிக்காய்ச்சலோடு மல்லுக்கட்டிய தடயம் இருக்கிறதாம். பலருக்கு அது வந்ததே தெரியாதாம். இனி விதைப்புக்கு முன் எல்லோருக்கும் தடுப்புக் குளிசை.

"அந்தக் காய்ச்சலுக்குக் கண் மஞ்சளாகுமா டொக்டர்?"

"கடுமையா வந்தா ஆகும் அம்மா."

"குடிக்காத ஆளுக்கும்?"

"பச்சத்தண்ணி மட்டும் குடிக்கிற ஆளுக்கும் வரும்." டொக்டருக்கு விளங்கிவிட்டது. குரலைத் தணித்தாள். "ஆனா உங்கட வீட்டுக்காரருக்கு அதுதான் எண்டு இனி அறுதியாச் சொல்லேலாது அம்மா. இந்த வட்டைக்குள்ள அது கனகாலமாச் சுத்துது. அவ்வளவுதான் சொல்லலாம்."

"அது காணும் மகள், எனக்கு அதுவே போதும். உனக்குக் கோடி புண்ணியம்."

கும்பிட்டாள். ரத்தம் கொடுத்த சனத்தின் பக்கம் திரும்பி அவர்களையும் கும்பிட்டாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு பின்கதவைப் பார்த்தாள்.

அங்கே அவளுடைய தம்பி சீனித்தம்பி, உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் நின்றான். செத்தவீட்டுக்குப் பிறகு அக்காவின் படலையை மிதிக்காதவன். ஊர் கதைத்ததற்காக அவள் அழுததில்லை. இவனுக்காகத்தான் அழுதாள்.

"கேட்டியா தம்பி? அத்தான் போனது நீ அண்டைக்கு வாங்கிக் குடுத்த சாராயப் போத்தலால இல்லடா. இனியாவது வீட்ட வந்து ஒருவாய் சோறு தின்னு."

சீனித்தம்பி கதவு நிலையைப் பிடித்தபடியே குந்திவிட்டான். தோள் குலுங்கியது.

அறுதியாகச் சொல்லேலாது என்று டொக்டர் மறுபடி சொல்ல வாயெடுத்தாள். அவனைப் பார்த்தாள்.

சொல்லவில்லை.