சலூன் வாசப்படி

"ஃபேனுக்குக் கீழ மட்டும் உக்காராதீங்க. உங்க மானமே அந்தத் தொப்பிக்குள்ளதான் இருக்கு!" மனைவி படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டத்துக்கு அனுப்பினாள்.

தெருமுனை சலூனில் ரேட்டை ஏற்றிவிட்டார்கள். இனி யாரும் அங்கே தலையைக் கொடுக்கக் கூடாதென்று குடியிருப்புச் செயலாளர் இரண்டு மாதம் முன்பு தீர்மானம் போட்டார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் கை தூக்கினார். அதைப் பார்த்து ஓட்டல் சர்வரான இவரும் தூக்கிவிட்டார்.

"நாளைக்கும் இந்தப் புதரோட வந்தா வேலை கிடையாது" என்று மேனேஜர் சொல்ல, நேற்று சலூன் பின்வாசலில் நுழைந்து வெட்டிக்கொண்டாயிற்று. தெரிந்தால் குடியிருப்பில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

கூட்டத்தில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. நல்லவேளை, ஃபேன் பழுது என்று செயலாளரே அறிவித்தார். சர்வருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்னையப் பாருங்க! சலூன் வாசப்படிய மிதிச்சேனா?" மைக்கைப் பிடித்து முழங்கினார் செயலாளர். அவர் தலை மட்டும் தீர்மானம் போட்ட அன்றைக்குப் போலவே படிய வாரியிருந்தது. வீட்டம்மா வெட்டிவிடுகிறார் போல என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பழுது என்று கேட்டபின் எலக்ட்ரீஷியன் கை சும்மா இருக்குமா? மேஜைமேல் ஏறிவிட்டார்.

"வேணாம்யா, இறங்குய்யா!" செயலாளர் அலறினார்.

"பழுதெல்லாம் இல்லீங்க, யாரோ ஒயரைக் கழட்டி விட்டிருக்காங்க. அட, ஓடுது பாருங்க!"

ஃபேன் பேய்வேகத்தில் சுழன்றது. தொப்பி பறந்தது. ஒட்ட வெட்டிய தலையோடு சர்வர் முழித்தார்.

"துரோகி!" தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார் செயலாளர். "இவரோட யாரும் பேசக் கூடாது. சம்மதிக்கறவங்க கை தூக்குங்க!"

முதலில் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து நாலு, பிறகு கூடம் மொத்தமும். பழக்கதோஷம், சர்வரும் தூக்கிவிட்டார்.

"என்னங்க, நீங்க தூக்கலையே?" மேஜைமேல் நின்ற எலக்ட்ரீஷியன் கேட்டார்.

அத்தனை கண்ணும் செயலாளர் மேல் திரும்பின. ஊரே தூக்கும்போது அவர் மட்டும் தூக்காமல் இருக்க முடியுமா? ஒரு கையில் மைக். தலையிலிருந்த மறு கையைத் தூக்கினார்.

அவருடைய முடி மொத்தமாகக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, சர்வர் மடியில் வந்து விழுந்தது.

பளபளத்த வழுக்கையைத் தடவிக்கொண்டே செயலாளர் மைக்கில் கேட்டார்.

"நான் சலூன் வாசப்படிய மிதிக்கலன்னு சொன்னது பொய்யா?"