ஹேதர்லி செய்த தப்பு

“மேவிஸ், பாவம் அந்த ஆளு! உயிரோட இருந்தா மனசு உடைஞ்சு போயிடுவார்.”

கட்டுரையை அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் டாரில் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் அவனுக்கு நெட்டைக்காலிப் பூச்சிகளோடுதான் பிழைப்பு. சிலந்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வலை மட்டும் பின்னத் தெரியாது. போன கோடையில், ஈரக்காட்டில் மட்கிய கட்டைக்கு அடியில், ஒரு புது இனத்தையே ஜோடியாகப் பிடித்துவிட்டான். ஆணுக்குத் தாடை உடம்பைவிட நீளம். பெண்ணுக்குக் கடுகளவு.

வில்லங்கம் அந்தக் கடுகில்தான். ஐம்பது வருடம் முன்பு ஹேதர்லி என்பவர் இதே மாதிரி சின்னத் தாடைக்காரி ஒருத்தியைப் பார்த்து, இது தனிப் பேரினம் என்று பெயர் சூட்டிவிட்டார். தனியாவது ஒன்றாவது, அவள் ஏற்கெனவே பெயருள்ள பெரிய தாடைக்காரர்கள் வீட்டுப் பெண்தான் என்கிறது டாரிலின் கட்டுரை. அச்சானால் ஹேதர்லியின் பேரினம் காலி. அதைக் காலி செய்யாமல் புது இனத்துக்குப் பெயர் வைக்கவும் வழியில்லை.

“பழைய முகவரிக்கு மூணு கடிதம் போட்டேன், பதிலே இல்ல. பாவம், அவர் எழுதினதே அந்த ஒரு கட்டுரைதான். அதையும் நான் பிடுங்கணுமா?”

செவ்வாய்க்கிழமைதோறும் சம்பளமில்லாமல் வந்து பூச்சிகள் ஊறும் பழைய புட்டிகளை அடுக்கித் தரும் எழுபது தாண்டிய மேவிஸ், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கைக் கடித்தபடி சிரித்தாள்.

“ஒரே ஒரு பொம்பளையப் பார்த்துட்டு வம்சத்தையே எழுதின அவசரக்குடுக்கை! அதுக்கு என்ன பரிதாபம்? அனுப்புப்பா.”

“இப்படியா பேசுறது? அவர் பிடிச்ச பெண் இருந்த புட்டி மட்டும் போன மாசம் என் மேசைக்கு வரலேன்னா, எனக்கே ஒண்ணும் புரிஞ்சிருக்காது.”

“மழைக்குப் பயந்து, ஆணைத் தேடாம மலையை விட்டு இறங்கினா இப்படித்தான் ஆகும். அழுத்து!”

டாரில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். மேவிஸ் கைதட்டினாள். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

“மழைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் கட்டுரையில அது இல்லையே?”

மேவிஸ் விரலில் ஒட்டிய தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி என் பேரு ஹேதர்லி. அந்தப் புட்டியை உன் மேசையில வைக்கத்தான் நாலு வருஷமா வந்துட்டிருக்கேன். அந்த ஆணைப் பிடிக்க உனக்கு இவ்வளவு நாளாச்சு!”