கண்ணாடி மூடிக்குள் ஒருத்தி

சீனாவின் செங்டு நகர உணவகத்தில், சக ஊழியர்கள் பார்க்கட்டும் என்று என் கணவர் குவோ தன் புது டச் போனை மேசை நடுவில் வைத்தார். அதன் உறையின் கண்ணாடி மூடி வழியே ஒருத்தி சிரித்தாள்.

“யாருங்க இவ? கட்டினவ படத்துக்கு இதுல இடமில்லையா?” என்று கேட்டேன்.

“படத்தை அழிச்சிடுங்கண்ணே, அண்ணி அடங்கிடுவாங்க” என்றான் அவர் நண்பன் தெங்.

குவோவுக்கு வேர்த்துக் கொட்டியது. போனைத் தொடவே இல்லை.

“அழிக்க முடியாது. அவளோட எனக்குப் பழக்கம். மன்னிச்சிடு.”

போனைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, அவள் மூஞ்சியை நகத்தால் பிறாண்டினேன்.

விளம்பர ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் திரையே இல்லை. கடை அலமாரியில் பார்வைக்கு வைக்கும் பொம்மை போன்!

யாரும் பார்க்குமுன் அவளைத் திரும்ப ஒட்டி மூடினேன்.

“இன்னொரு தடவ இந்த போன்ல அவளோட பேசினீங்க, இருக்கு உங்களுக்கு!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.